வரததாசன்: மஞ்சப்ரா எம்.டி. ராமநாதனின் முத்திரையும் நடையும்

மலர்க்குழு அன்பர்கள் இவ்வாண்டு, நாம் பிழைக்க வந்த இந்த மண்ணில் பிறந்த இசைப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். பாலக்காட்டில் இசைப் பெரியவர்களுக்கு என்ன பஞ்சம்! செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912–1981) உண்டு. அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது மஞ்சப்ரா தேவேச ராமநாதனை. எம்.டி. ராமநாதன், எம்.டி.ஆர். என்றால் பலருக்குத் தெரியும். பாடகர் என்றுதான் தெரியும். ஆனால் அவர் சுமார் 300 உருப்படிகள் இயற்றிய வாக்கேயகாரர். சொல்லும் தன்னது, மெட்டும் தன்னது என்று பாட்டை முழுசாகத் தானே ஆக்குகிறவரைத்தான் பெரியவர்கள் வாக்கேயகாரர் என்றார்கள்.

பாத்திரக் கடைக்காரனுக்குச் சங்கீத விமர்சனம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால் முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மூணாறு எஸ்டேட்டுகளில் தீபாவளி போனஸ் போடுகிற வாரத்தில் எந்தப் பாத்திர வியாபாரியும் வீட்டில் இருக்க மாட்டான். எண்பதுகளின் கடைசியில், எவர்சில்வர் சாமான் ஏற்றிய வேனில் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தோம். பாலக்காட்டில் ஒரு கிராமத்து மாமா (இங்கே அக்கிரகாரத்தைக் கிராமம் என்றே சொல்வார்கள்) எனக்கு ஒரு கேசட் கொடுத்திருந்தார். போட்டோம். ஐந்து நிமிஷம் ஆனது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "முதலாளி, டேப்பு இழுக்குது. ஹெட்டைத் துடைக்கட்டுமா?" என்றார். துடைத்தார். மறுபடி போட்டோம். அப்படியேதான் இருந்தது. சந்தேகத்துக்கு ஒரு சினிமா கேசட்டைப் போட்டுப் பார்த்தார். அது ஒழுங்காக ஓடியது. "டேப்பு நல்லாத்தான் இருக்குங்க. பாட்டுக்காரர்தான் இழுக்குறாரு" என்றார். இருவரும் சிரித்தோம். மூணாறு போய்ச் சேரும் வரை சினிமாப் பாட்டுத்தான். அந்தக் கேசட் இரண்டு வருஷம் என் கல்லாப் பெட்டியில் கிடந்தது.

அதை மறுபடி கேட்க வைத்தது என் தொழில்தான். வெண்கல உருளி வாங்க வருகிற பாலக்காட்டுப் பெரியம்மாக்கள் அதை விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள். கலப்பு மட்டமானால் ஓசை பட்டென்று செத்துவிடும். நல்ல வெண்கலம் நின்று ஒலிக்கும். அவர்கள் அந்த ஒலி முழுதும் அடங்கும் வரை பேச மாட்டார்கள். ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத மழை மாலையில் அந்தக் கேசட்டைப் போட்டபோது, இந்த மனிதரும் ஒலி அடங்கும் வரை காத்திருக்கிறவர் என்று பட்டது. அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ராகமெல்லாம் நூல்களையும் நண்பர்களையும் பிடித்துத் தெரிந்துகொண்டதுதான்.

எம்.டி.ஆர். பிறந்தது 1923 மே 20. ஊர், வடக்கஞ்சேரிப் பக்கம் இருக்கும் மஞ்சப்ரா. தந்தை தேவேச பாகவதர் சங்கீத ஆசிரியர். பையன் பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் எடுத்து பி.எஸ்ஸி. முடித்தார். அன்று மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-க்குப் பிறகு வந்த கோடு அப்போது இல்லை. ஆகவே பட்டதாரிப் பையன் மதராசுக்கு ரயிலேறியது வெளிமாநிலம் போனதாகாது. 1944-ல் கலாக்ஷேத்ராவில் சங்கீத சிரோமணிப் படிப்பின் முதல் அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த குரு டைகர் வரதாச்சாரியார். 1932-லேயே சங்கீத கலாநிதி ஆனவர். கற்பனை வளத்தில் கடல். குரல் மட்டும் கரடுமுரடு. குரலினிமை இல்லாமலே சங்கீதம் உச்சத்துக்குப் போக முடியும் என்பதை மாணவன் தினமும் கண்ணெதிரே பார்த்திருக்கிறான். 1950-ல் டைகர் காலமானார். குருவோடு இருந்தது ஆறே ஆண்டுகள். எம்.டி.ஆர். கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் இருந்து, 1984 ஏப்ரல் 27-ல், 61 வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது மறைந்தார். குருவுக்குப் பின் 34 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் தன் உருப்படிகளில் அவர் வைத்த முத்திரை 'வரததாஸ'. வரதாச்சாரியாரின் அடியவன்.

நம் ஊரில் எம்.டி.ஆர். பேச்சை எடுத்தாலே ஒரு புலம்பல் தொடங்கிவிடும். "மதராஸ்காரர்கள் அவரை மதிக்கவில்லை, கலாநிதி கொடுக்கவில்லை." நானும் பல மேடைகளில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் இது பாதிதான் நிற்கிறது. அதே 1923-ல் பாலக்காட்டில் பிறந்த இன்னொருவர் கே.வி. நாராயணஸ்வாமி. அவர் குரு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அரியக்குடியின் குரு ராமநாதபுரம் 'பூச்சி' ஸ்ரீனிவாச ஐயங்கார். அவருடைய குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். டைகர் வரதாச்சாரியாருக்கும் குரு அதே பட்டணம் சுப்பிரமணிய ஐயர்தான். ஆக, ஒரே வருஷத்தில் ஒரே நாட்டுப்புறத்தில் பிறந்து, ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு கிளைகளைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர். எம்.டி.ஆருக்கு பத்மஸ்ரீ 1974-ல், கே.வி.என்.னுக்கு 1976-ல். சங்கீத நாடக அகாடமி விருது இருவருக்குமே கிடைத்தது. கலாநிதி கே.வி.என்.னுக்கு 1986-ல், 63 வயதில் வந்தது. எம்.டி.ஆர். அந்த வயது வரை இருக்கவில்லை. 'பட்டம் கிடைக்காத பாவம்' என்று அவரைக் குறுக்கிவிட்டால் அவருடைய நிஜமான போராட்டம் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். கலைஞனின் உள்ளப் போராட்டத்தை விருதுப் பட்டியலில் தேடக்கூடாது. அவன் செய்துவைத்த பொருளில் தேட வேண்டும். பாத்திரத்தின் குறை நிறை பில்லில் தெரியாது.

அந்தப் போராட்டத்தின் முதல் பாதி காலப்பிரமாணம். அதாவது நடை.

அரியக்குடி வகுத்த கச்சேரிப் பத்ததி உங்களுக்குத் தெரியும். வர்ணத்தில் தொடங்கி, மத்திம காலத்தில் விறுவிறுவென்று உருப்படிகளை அடுக்கி, நடுவில் பெரிய உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா. இன்றைக்கும் எல்லாச் சபாவிலும் ஓடுவது அந்த வண்டிதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆபீஸ் விட்டு வந்து உட்காருகிற ஜனத்துக்கு வயிறும் நிறைய வேண்டும், பலகாரமும் பலவிதம் வேண்டும். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பழைய கிராமபோன் தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பிடிக்கும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் முடியணும். இரண்டு தலைமுறை ஜனங்கள் கீர்த்தனையை அந்த வேகத்தில்தான் வீட்டில் கேட்டு வளர்ந்தார்கள். காதுக்கு அதுவே அளவாகிவிட்டது. எம்.டி.ஆர். சங்கீதத்துக்கு நீளத் தட்டு வேண்டும், அறுபது நிமிஷக் கேசட் வேண்டும். அவை வீட்டுக்கு வீடு வந்தபோது அவர் இறுதிக் காலத்தை நெருங்கிவிட்டார். என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் கிடைத்தது கேசட்டில்தான்.

இந்த மெதுநடை எங்கிருந்து வந்தது? என் மலையாளி நண்பர்கள், "அது எங்க ஸோபானம். கதகளிப் பதத்தில் 'பதிஞ்ஞ காலம்' என்று ஒன்று உண்டே, அதைத்தான் அவர் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுபோனார்" என்று அடித்துச் சொல்வார்கள். கோயில் படிக்கட்டோரம் நின்று, இடக்கையைத் தட்டிக்கொண்டு, நடை திறக்கும் வரை அவசரமே இல்லாமல் பாடுவதைக் கேட்டு வளர்ந்த காதில் அது ஒட்டாமல் இருக்காது. பாதி ஒத்துக்கொள்கிறேன். மறுபாதிக்கு வீணை தனம்மாள் (1867–1938) வீட்டுச் சங்கீதத்தைப் பார்க்க வேண்டும். தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடியதைக் கேட்டவர்களுக்கு, சௌக்க காலம் மஞ்சப்ராவில் முளைத்ததில்லை என்பது தெரியும். வடக்கே உஸ்தாத் அமீர் கான் (1912–1974) ஒரு ராகத்தை அவ்வளவு மெதுவாக விரித்தபோது, அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நாம் பத்து நிமிஷத்துக்கு மேல் கொடுக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு சங்கடமான சாட்சியையும் கூப்பிட வேண்டியிருக்கிறது. இளங்கோவடிகளை எங்கள் சமணப் பெரியவர் என்று நாங்கள் உரிமை கொண்டாடுகிறவர்கள். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தெவிட்டாது. பாட்டின் இயக்கம் நான்கு என்று அங்கே வருகிறது: முதனடை, வாரம், கூடை, திரள். முதனடை மிகவும் தாழ்ந்து செல்வது. திரள் மிகவும் முடுகிச் செல்வது. இந்த இரண்டு ஓரத்தையும் விலக்கி, சொல்லும் இசையும் ஒழுங்குபட வரும் வாரத்தைக் கொள்வதே உரைகாரர் கருத்து. ஆக, எம்.டி.ஆரைக் குறை சொன்ன சபாக்காரருக்குப் பின்னால் அடியார்க்குநல்லாரே நிற்கிறார்! எனக்குப் பிடித்தவர் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். மிகத் தாழ்ந்த நடையில் சொல் சிதறும். எம்.டி.ஆரிடமும் சிதறியது. ஒரு சொல்லை எங்கே வேண்டுமானாலும் பிரிப்பார். பிரித்த துண்டை நாலு முறை திருப்புவார். தாழ்ந்த சுருதியில் கீழ் ஸ்தாயிக்குப் போகும்போது சில எழுத்து காதில் விழாது. சில பதிவுகளில் இந்த மெதுநடை தேவைக்கு மேல் ஒரு பழக்கமாகவே போய்விட்டதும் உண்டு. இதெல்லாம் குறைதான்.

ஆனால் அவர் 'சாமஜவரகமனா' பாடுவதைக் கேளுங்கள். தியாகராஜர் ஹிந்தோளத்தில் செய்தது. ஐந்தே ஸ்வரம் உள்ள ராகம், எளிதில் மனசைப் பிடிக்கும், அதனால் மேடையில் எல்லாரும் அதை ஓட்டமாக ஓட்டுவார்கள். பாட்டின் முதல் சொல்லுக்கு அர்த்தம் என்ன? சாமஜம் என்றால் யானை. யானையின் நடை போன்ற நடையுடையவனே என்று கூப்பிடுகிறது பாட்டு. திருவிழாவில் யானை நடப்பதை மாசத்துக்கு ஒன்றாவது பார்க்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலை எடுத்து வைத்து, எடை முழுதும் அதில் இறங்கின பிறகுதான் அடுத்த காலை எடுக்கும். அந்தப் பாட்டை நூறு பேர் பாடிக் கேட்டிருக்கிறேன். யானை நடந்து கேட்டது இவரிடம்தான். மேடையில் முடுக்கி முடுக்கி ஆட்டோ ரிக்ஷா ஆகிவிட்டிருந்த பாட்டை அவர் மறுபடி யானையாக்கினார்.

இன்னொன்று, சஹானாவில் 'கிரிபை'. தியாகராஜர் கடைசிக் காலத்தில் செய்ததாக மரபு சொல்கிறது. மலைமேல் ராமன் காட்சி கொடுத்து, பத்து நாளில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த செய்தி. 1847 ஜனவரியில் தியாகராஜர் மறைந்தார். தன் நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டவன் எப்படிப் பேசுவான்? அவனுக்கு என்ன அவசரம்? எம்.டி.ஆர். இதைப் பாடும்போது ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வெற்றிடம் வருகிறது. தம்பூரா மட்டும் கேட்கிறது. அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். கடைப் பையன்கள் பார்த்துவிடக் கூடாதென்று கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொள்வேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தியாகராஜரின் பாட்டை எடுத்தபோது எம்.டி.ஆர். எவ்வளவு துணிந்தார் பாருங்கள். நடையை மாற்றினார், சொல்லை உடைத்தார், சங்கதியை மாற்றி வைத்தார். பாதி பாட்டைப் புதுசாகவே இயற்றினார் என்று சொல்லலாம். அதே மனிதர் தன் சொந்த உருப்படிகளில் எப்படி இருக்கிறார்? அங்கே அவர் மிக நல்ல மாணவன். பல்லவி, அனுபல்லவி, சரணம் அளவாக நிற்கும். எதுகையும் பிராசமும் இடம் தவறாது. தெய்வத்தின் நாமங்கள் வரிசையாக வரும். ராக லட்சணம் பிசகாது. குறை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் குரு வந்து திருத்திக் கையெழுத்துப் போடுவாரா என்று காத்திருக்கிற நோட்டுப் புத்தகம் போல இருக்கும். அடுத்தவர் பாட்டில் சுதந்திரம், சொந்தப் பாட்டில் அடக்கம். இது எப்படி?

முத்திரையில்தான் இதற்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று முருகனை வைத்தார். சியாமா சாஸ்திரி 'ஸ்யாமக்ருஷ்ண'. நம் பாபநாசம் சிவன் 'ராமதாஸ', இறைவனுக்கு அடியவன். எம்.டி.ஆரோ தன் குருவுக்கு அடியவன் என்று வைத்தார். அதிலும் ஒரு நயம் உண்டு. டைகரைத் தெரியாதவர்கள் காதில் 'வரத' என்றால் காஞ்சிப் பெருமாள் வரதராஜர்தான் விழுவார். தெய்வத்துக்குப் பின்னால் குரு, குருவுக்குப் பின்னால் சீடன் என்று இரண்டு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஐயர் வீட்டுப் பிள்ளை ஐயங்கார் குருவுக்குத் தாசன் என்று ஆயுசு பூராவும் எழுதிக் கொடுத்ததையும் கவனியுங்கள். குரலும் நடையும் இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்குச் சொந்தம். கையெழுத்து மட்டும் இரவல். மேடையில் ஒரு வரி பாடினால் போதும், இது எம்.டி.ஆர். என்று குழந்தைகூடச் சொல்லும். காகிதத்தில் எழுதினால், தான் இல்லை என்று சொல்லிவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வாழ்ந்தார் என்பது என் எண்ணம். பட்டம் பதவியைவிட இந்தப் பிணக்கு பெரிது. பணிவு ஒரு கலைஞனைத் தாங்கவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும்.

ஆதலால் அவருடைய 300 உருப்படிகளையும் அச்சிட்டு, வருஷா வருஷம் வரிசையாகப் பாடிவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கும் அன்பர்களோடு நான் உடன்படவில்லை. அச்சிடட்டும், நல்லதுதான். ஆனால் வாக்கேயகாரர் எம்.டி.ஆர். பெரும்பாலும் அங்கே இல்லை. அடுத்தவர் கீர்த்தனைக்கு அவர் கொடுத்த இடைவெளிகளில் இருக்கிறார்.

பெரும்பாலும் என்றேன். விலக்கு உண்டு. பாகேஸ்ரீ ராகத்தில் அவர் செய்த 'சாகர சயன விபோ'. பாகேஸ்ரீ வடக்கிலிருந்து வந்த ராகம். நம் கச்சேரியில் அதை விருத்தத்துக்கும் துக்கடாவுக்கும் வைத்துக்கொள்வார்கள், நடு இலையில் பரிமாற மாட்டார்கள். எம்.டி.ஆர். அதை எடுத்து, கடலில் பள்ளிகொண்டவனைக் கூப்பிடுகிற கிருதியாக்கினார். இதில் மட்டும் இயற்றியவரும் பாடியவரும் ஒருவராகிவிடுகிறார்கள். மெட்டே மெதுநடைக்கென்று பிறந்தது. அலை வந்து, திரும்பிப் போய், மறுபடி வருகிற அளவில்தான் அதைப் பாட முடியும். வேகமாகப் பாடிப் பார்த்தவர்கள் உண்டு. பாட்டு அவர்களை விட்டுப் போய்விடும். மற்ற இருநூற்றுச் சொச்சத்தையும் இதற்கு ஈடாக வைக்க மாட்டேன். இது கடைக்காரன் எடைபோட்ட கணக்கு. சங்கீத வித்வான்கள் வேறு படிக்கல் வைத்திருந்தால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. "சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலுமே பெரும்பாலும் எழுதியவரைத் தமிழ்ச் சங்க மலரில் எதற்குப் பேச வேண்டும்?" என்று நம் செயற்குழுவிலேயே ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்து, மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று சண்டை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் எம்.டி.ஆர். மதராசில் மாணவராக இருந்தார். அந்தக் காற்று அவர் மேல் பெரிதாக வீசவில்லை. எனக்கு அது ஒரு குறையே. பாலக்காட்டுத் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர், அந்த நீட்டலும் இழுப்பும் உள்ள பேச்சிலேயே ஒரு பாட்டைக் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து ஏங்கியிருக்கிறேன். மலையாளிகள் இவ்வளவு கணக்குப் பார்க்கவில்லை. கவிஞர் சச்சிதானந்தன் அவர் பாடுவதைப் பற்றியே ஒரு கவிதை எழுதினார். நான் குடியிருக்கும் ஜைனிமேட்டில்தான் குமாரன் ஆசான் 'வீணபூவு' எழுதினார், 1907-ல். அந்த இடத்தைத் தேடி இன்றும் ஆட்கள் வந்து என் கடையில் வழி கேட்கிறார்கள். மஞ்சப்ராவுக்கு வழி கேட்டு ஒரு தமிழரும் இதுவரை என்னிடம் வந்ததில்லை.

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன தவற்றைவிடப் பெரிய ஒரு தவறு. சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்பு நம் ஆண்டு விழாவில், மறையூர்ப் பக்கம் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிற ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண் பாட வந்தாள். பத்தாவது படிக்கிற வயசு. ஒருவருக்கு ஏழு நிமிஷம் என்று விதி. நடனம் இருக்கிறது, பட்டிமன்றம் இருக்கிறது, சாப்பாடு ஆறிப்போகும். மணி அடிக்கும் பொறுப்பு என்னுடையது. அந்தப் பெண் எடுத்தது 'சாகர சயன விபோ'. எம்.டி.ஆர். பதிவைக் கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறாள், அதே நடை. பல்லவியிலேயே நாலு நிமிஷம் போயிற்று. கூட்டம் சலசலத்தது. எனக்குப் பாட்டு தெரியும், அவள் என்ன செய்கிறாள் என்பதும் தெரியும். சபையில் வேறு யாருக்கும் தெரியாத அளவு எனக்குத் தெரியும். இருந்தும் ஏழாவது நிமிஷம் அடித்தேன். எட்டாவது நிமிஷம் மறுபடி அடித்தேன். அவள் அனுபல்லவியோடு நிறுத்தி, கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள். வாக்கேயகாரரின் முத்திரை வழக்கமாகச் சரணத்தில்தான் வரும். அவள் சரணத்துக்கே போகவில்லை. அன்று நம் மேடையில் இயற்றியவர் பெயர் ஒலிக்காமல் போனதற்கு மதராஸ் சபாக்காரர் யாரும் காரணமில்லை.

அவள் அப்பாவிடம் வருத்தம் சொல்லப் போனேன். "பரவாயில்லீங்க, விடியக்காலம் ஆலை போடணும், நாங்க கிளம்புறோம்" என்றார்.

அந்தப் பெண் இன்று உடுமலைப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று கேள்வி. செயற்குழுவுக்கு எழுத்து மூலம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். வருகிற ஆண்டு விழாவில் அவளை அழைத்து, ஒரே பாட்டுக்கு இருபது நிமிஷம் ஒதுக்க வேண்டும். பட்டிமன்றத்தை அரை மணி தள்ளி வைக்கலாம். சாப்பாடு ஆறாமல் இருக்க நம் கடையிலிருந்து மூடி போட்ட அண்டாக்கள் தருகிறேன், வாடகை வேண்டாம். மைக் செட்காரருக்கு அதிகப்படி ஆவதை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.